நார் மெஷினின் வாய்

மாசாணியம்மாளின் கை போன செய்தி கதிரேசனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு வந்தது. பீளமேட்டில் பழைய மில் ஒன்றின் பின்மதிலை ஒட்டிய சந்தில் இருந்தது அவன் பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், அவ்வளவுதான். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் செல்போன் அடித்தது முதலில் காதில் விழவில்லை. மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தான். மாசாணியம்மாளின் மகள் யுவஸ்ரீ பேசினாள்.

"மாமா, அம்மா கை மெஷின்ல சிக்கிக்கிச்சுங்க."

கதிரேசன் லேத்தை நிறுத்தினான். "எந்த மெஷின்ல கண்ணு?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை என்று உறைத்தது.

"நார் மெஷின்லதானுங்க. சத்தி ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. வண்டியில வந்துட்டு இருக்கறோம். நீங்க பெரியாஸ்பத்திரிக்கு வாரீங்களா?"

"வாரேன் கண்ணு."

எந்தக் கை என்று அவன் கேட்கவில்லை. வாழை மட்டையை உள்ளே தள்ளுவது வலது கைதான்.

சத்தி என்கிற சத்தியமங்கலத்தைத் தாண்டி, வாய்க்காலை ஒட்டி ஊஞ்சக்காடு என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிற காலனியில் நாற்பது வீடுகள். வாழைத்தார் சுமப்பதும் களை எடுப்பதும்தான் அங்கே இருந்தவர்களுக்கு வெகுகாலமாக வேலை. அந்தக் காலனிப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருந்தார்கள். மாசாணியம்மாள் தலைவி. ஏதோ ஒரு திட்டத்தில் அந்தக் குழுவுக்கு வாழைநார் உரிக்கும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அது ஓடவில்லை என்று புகார் போனதும், சரிபார்க்கத் திட்டத்துக்காரர்கள் கதிரேசனை அனுப்பினார்கள். நாலரை வருடத்துக்கு முந்தைய சங்கதி இது.

சமுதாயக் கூடத்தின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது மெஷின். தார்ப்பாயைத் தூக்கினால் உருளைக்குக் கீழே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாசாணியம்மாள் அதை விரட்டவில்லை.

"ரிப்பேரு ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஒரு நாளுகூட ஓட்டுல. ஓட்டுனாத்தான ரிப்பேரு ஆகும்?"

"ஏனுங்க்கா ஓட்டுல?"

"இதுக்கு த்ரீ ஃபேஸ் கரண்டு ஓணுமாம். இந்தக் கூடத்துக்கு இருக்கறது ஊட்டுக் கரண்டுதான். சரி, தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போலாம்னா நாலு ஆம்பளைங்க ஓணும். மரத்த இங்க கொண்டு வாங்கன்னாங்க. ஒரு வாழ மரம் என்ன கனம் கனக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? அத்தனையும் தண்ணி. தண்ணியச் சொமந்துட்டு வந்து இங்க புழிஞ்சு ஊத்தறதுக்கு எங்களுக்கு என்ன கிறுக்குங்களா?"

கதிரேசன் சிரித்துவிட்டான். அவனும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைதான். அப்பா மதுக்கரையில் காலம் முழுக்க மூட்டை தூக்கியவர். ஐ.டி.ஐ. படித்து, ஒரு பம்பு கம்பெனியில் பதினான்கு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டிருந்தான்.

"அப்பறம் மெஷின் எப்படி இருந்தா ஓட்டுவீங்க?" என்று கேட்டான்.

மாசாணியம்மாள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள். ரெண்டு பொம்பளைங்க தூக்கோணும். ஊட்டுக் கரண்டுல ஓடோணும். கெட்டுப்போனா சத்தியில இருக்கற எந்த லேத்துக்காரனும் சரி பண்ணோணும். "ஒவ்வொருக்காவும் கூப்புட்டா நீங்க கோயமுத்தூர்ல இருந்து வருவீங்களா?"

அப்படி ஒரு மெஷின் செய்ய அவனுக்கு ஆறு மாதம் பிடித்தது. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் பிரித்தான். தார் வெட்டிய மரத்தை மட்டை மட்டையாக உரித்து, ஒவ்வொன்றையும் மெஷினின் வாய்க்குள் பாதிவரை தள்ள வேண்டும். உள்ளே சுற்றும் உருளையின் தகடுகள் சதையை அடித்து உதிர்த்துவிடும். பின்னால் இழுத்தால் நார் மட்டும் கையோடு வரும். காய்ந்த பிறகு அது பட்டு நூல்போல மின்னும். கதிரேசன் செய்ததில் அரைக் குதிரைச் சக்தி மோட்டார். பெல்ட் மாவு மில்லில் போடுவது; பேரிங் எந்தக் கடையிலும் கிடைப்பது. உருளை நிதானமாகச் சுற்றியது. வாயை மட்டும் ரொம்ப யோசித்து வைத்தான். இரண்டு விரல் உயரம். மட்டை நுழையும், கை நுழையாது.

மெஷினின் படத்தை அளவுகளோடு பெரிதாக வரைந்து சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டும் வந்தான். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் அதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

மெஷின் ஓடியது. தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, மரம் கிடக்கும் இடத்திலேயே வைத்து ஓட்டினார்கள். வெட்டிய மரங்களை அப்புறப்படுத்தும் வேலை மிச்சம் என்று தோட்டத்துக்காரர்களும் சும்மாவே கொடுத்தார்கள். விடிவதற்கு முன்னால் சரக்கு ஆட்டோவில் நின்றுகொண்டே தார் சுமக்கப் போன பெண்கள், அந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டு நார் காயப்போட்டார்கள். யுவஸ்ரீ கோபியில் காலேஜ் சேர்ந்தாள். அந்த இரண்டரை வருடம் கதிரேசனுக்கும் நல்ல காலம்தான்.

பிறகு ரித்விக் வந்தான். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாழைநாரில் பைகளும் விரிப்புகளும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்த இளைஞன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலனியில் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பான், எல்லோரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதலில் வாரத்துக்கு முப்பது கிலோ கேட்டான். ஒரு வருடம் கழித்து நூறு கிலோ என்றான். மெஷினால் நாற்பதைத் தாண்ட முடியாது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க்கா. ரெண்டு வாரத்துல குடுக்க முடியலைன்னா வெளி மாநிலத்துல பெரிய மில்லுல வாங்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாசாணியம்மாள் கதிரேசனுக்குப் போன் செய்தாள். உருளையின் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னாள். அவன் முடியாது என்றான். இன்னொரு மெஷின் செய்து தருகிறேன், ஐந்து வாரம் ஆகும் என்றான். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் முடியாது என்றான். மூன்றாவது முறை போன் வரவில்லை. குழுவில் இருந்த வெங்கடம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"வெசையக் கூட்டுனா மட்டை வாயில அடைச்சுக்கும்க்கா. அப்பறம் வாயையும் பெருசு பண்ணோணும். கை போயிருமுங்க."

மாசாணியம்மாள் ஸ்டூலில் நேராக உட்கார்ந்து பேசினாள். அவள் கெஞ்சவில்லை.

"தம்பி, நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா? அருவாளப் புடிச்சுத் தார் வெட்டறவங்க நாங்க. அந்த அருவாளுக்கு எவன் மூடி போட்டுக் குடுத்தான்? இத்தன வருசம் அந்த வண்டியில நின்னுட்டுப் போனமே, அதுல ரெண்டு பேரு உழுந்து செத்தாங்க. அப்ப யாரு வந்து வேண்டாம்னு சொன்னா? இப்பத்தான் பொழப்பு ஒண்ணு கையில வந்திருக்குது. அத உட்டுப்போட்டு மறுக்கா அந்த வண்டியில ஏறச் சொல்றீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கதிரேசன் ஊஞ்சக்காட்டுக்குப் போனான். பெல்ட் ஓடும் மோட்டார் புல்லியைப் பெரியதாக மாற்றினான். அவன் சொன்னபடியே மட்டை வாயில் அடைத்துக்கொண்டது. கிரைண்டரை எடுத்து வாயை அறுத்தான். மூன்று மட்டைகளைச் சேர்த்துத் தள்ளினாலும் விழுங்கியது. மரக்கட்டையில் ஒரு தள்ளுகோல் செதுக்கிக் கொடுத்து, கையால் தள்ளவே கூடாது என்றான்.

"ஒரு மாசம்தானுங்க்கா. அதுக்குள்ள ரெண்டாவது மெஷின் கொண்டாறேன். வந்ததும் இத பழையபடி மாத்திப்போடறேன்."

போகாமல் அரை மணி நேரம் நின்று பார்த்தான். வெங்கடம்மாள் பத்து நிமிடத்துக்குள் தள்ளுகோலைக் கீழே போட்டுவிட்டாள். அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நார் குவிந்துகொண்டே போனது. தன் கையால் செய்த ஒன்று அப்படிப் பாய்ந்து ஓடுவதைப் பார்க்க அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் ஏழு மாதமானது. ஒரு மெஷினே நூறு கிலோவுக்குப் போதும் என்றானதும் இரண்டாவதைப் பற்றி யாரும் பேசவில்லை. கதிரேசனும் பேசவில்லை. ஊஞ்சக்காட்டுப் பேச்சு அக்கம்பக்கத்தில் பரவி, வேறு ஆறு இடங்களிலிருந்து அவனைத் தேடி வந்தார்கள். எல்லோரும் ஒன்றுபோல, ஊஞ்சக்காட்டில் ஓடுகிற மாதிரியே வேண்டும் என்றார்கள். அந்த ஆறையும் பெரிய வாயோடுதான் செய்து கொடுத்தான்.

இப்போது பெரியாஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மாசாணியம்மாளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. நடந்ததை வெங்கடம்மாள் துண்டு துண்டாகச் சொன்னாள். உருளையில் இருந்து வந்த நார் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. நார் அறுந்திருந்தால் கை தப்பியிருக்கும். நல்ல நார், அறவில்லை.

ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர் ஒருவர் அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். மாசாணியம்மாள் முழு நினைவோடுதான் இருந்தாள்.

"எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷின்ல கைய உட்டுட்டனுங்க. என்ற தப்புதானுங்க."

கதிரேசன் ஒரு அடி முன்னால் வந்தான். வாயைத் திறந்தான். மாசாணியம்மாள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"தம்பி, யுவஸ்ரீக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. காலையில இருந்து வெறும் வயித்தோட இருக்கறா."

அவன் போனான். டீ வாங்கினான். திரும்பி வந்தபோது போலீஸ்காரர் எழுதி முடித்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த பதினைந்து நாள் கதிரேசன் வேறு வேலை எதையும் தொடவில்லை. சின்னப் புல்லி ஏழு, வாயைக் குறுக்கும் தகடு ஏழு செய்தான். சாக்கில் கட்டிப் பைக்கில் வைத்துக்கொண்டு, தான் மெஷின் கொடுத்த ஊர்களுக்கு ஒவ்வொன்றாகக் கிளம்பினான்.

அன்னூர்ப் பக்கம் முதல் ஊரில், விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தம்மாவுக்குத் தட்டு மெஷின்லதான கை போச்சுன்னு சொன்னாங்க?" என்றார்கள். இல்லை என்று எவ்வளவோ சொன்னான். அவர்கள் நம்பாமல் இல்லை. ஆனால் தகட்டை மாட்ட விடவில்லை. இரண்டாவது ஊரில் கொட்டகையைப் பூட்டிவிட்டு, சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து ஈர மட்டையின் வாடை வந்தது. மூன்றாவது ஊரில் மாட்டவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அவன் போட்ட தகடு ஆட்டுத் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

புளியம்பட்டிக்கு அருகே ரிஃபானா என்ற பெண் தன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் மெஷின் போட்டிருந்தாள். அவளும் கணவன் முஜீபும்தான் ஓட்டினார்கள். அவன் சொல்வதையெல்லாம் அவள் முழுதாகக் கேட்டாள். கண் கலங்கினாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று உட்கார வைத்துச் சோறு போட்டாள். கை கழுவிய பிறகு சொன்னாள்:

"நீங்க சொல்றது நெசந்தானுங்க அண்ணா. ஆனா சின்ன வாய் வெச்சா நாங்க ரெண்டு பேரும் ராவும் பகலும் நின்னாலும் கேட்டத குடுக்க முடியாது. இந்த ஆர்டரு முடியட்டுமுங்க. நானே கூப்புடறேன்."

அவள் கூப்பிடவில்லை. மற்ற இரண்டு ஊர்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஊஞ்சக்காட்டுக்குப் போனான். அங்கேயாவது முடியும் என்று நம்பினான். தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாசாணியம்மாள் நின்ற இடத்தில் வெங்கடம்மாள் நின்று, வெறும் கையால் மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, கொடிக் கயிற்றில் மாசாணியம்மாள் ஒற்றைக் கையால் நார் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கற்றையைத் தோளில் போட்டு, தாடையால் அழுத்திக்கொண்டு, இடது கையால் பிரித்துப் பிரித்து விரித்தாள். பாதி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

சாக்கைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத மாட்ட வேண்டாமுங்க தம்பி."

"அக்கா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்றது? அந்த ரித்விக் தம்பி பழமெல்லாம் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போச்சு. அழுதுச்சு. ஆர்டரக் கொறைக்கறேன்னு மட்டும் சொல்லுல. கொறைச்சா இவங்க அல்லாரும் மறுக்கா வண்டி ஏறோணும். நான் அதுக்குக்கூட லாயக்கில்ல. ஒத்தக் கைய வெச்சுட்டு யாரு என்னைத் தார் சொமக்கக் கூப்புடுவாங்க? மெஷின் ஓடறதுனாலதான் எனக்கும் ஒரு பங்கு தாராங்க. என்ற கை போச்சுங்கறதுக்காக எங்க பதினோரு பேரு வயித்துல அடிக்கோணுமா?"

"வெங்கடம்மா கையும் போனா?"

மாசாணியம்மாள் வெங்கடம்மாள் இருந்த பக்கம் பார்த்தாள். மெஷின் சத்தத்தில் அவளுக்கு இவர்கள் பேசுவது கேட்கவில்லை.

"போகாதுன்னு நெனச்சுக்கறதுதானுங்க" என்றாள்.

கதிரேசன் சாக்கை எடுத்துக்கொண்டு திரும்பினான். பவானிப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றான். அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை.

அவன் மனைவி கயல்விழி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைச் சில நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தம்மா உங்களக் காப்பாத்தி உட்டிருக்குது. நீங்க ஜெயிலுக்குப் போனா அதுக்குக் கை மொளைச்சிருமா? இனிமே அந்த மெஷின் செய்யாதீங்க. அதுதான் உங்க கையில இருக்குது."

அது சரியென்றுதான் பட்டது. நார் மெஷின் செய்வதை அன்றோடு விட்டான். கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். ஒரு மாதம் அப்படியே போனது.

அந்த ஆடியில் கோயமுத்தூரில் விவசாயக் கண்காட்சி நடந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் கட்டாயப்படுத்தியதால் போனான். மூன்றாவது வரிசையில் பச்சைப் பெயின்ட் அடித்த எட்டு நார் மெஷின்கள் பக்கம் பக்கமாக நின்றன. அவன் வரைந்த அளவுகள்தான். காலின் சரிவு, மோட்டார் உட்கார்கிற இடம், தூக்குவதற்கு வைத்த இரண்டு பிடி, எல்லாம் அப்படியே. வாய் மட்டும் அவன் அறுத்ததைவிடவும் பெரியதாக இருந்தது. கடையில் நின்ற இளைஞன் அவனை வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டு விளக்கினான்.

"எத்தன மட்டை போட்டாலும் அடைக்காதுங்க. பொம்பளைங்களே ஓட்டலாம். சுலபமான டிசைனுங்க, எந்த ஊரு லேத்துலயும் சரி பண்ணிக்கலாம்."

"இது கைய இழுத்துருமுங்க" என்றான் கதிரேசன்.

இளைஞன் சங்கடமாகச் சிரித்தான். பக்கத்தில் நின்ற திட்ட அலுவலர் ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் பொறுமையான மனிதர். கதிரேசனைத் தனியே அழைத்து விசாரித்தார். கதிரேசன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டுங்க. நான் மேல எழுதணும்னா ஒரு விபத்தாவது பதிவாகி இருக்கணும். இந்த மெஷின்ல இதுவரைக்கும் அடிபட்டதா எங்கயும் ஒண்ணும் இல்லியே. நீங்க சொல்ற அம்மாவுக்குக்கூட ரெக்கார்டுல தட்டு வெட்டற மெஷின்னுதான இருக்கும்?"

மறுநாள் காலை கதிரேசன் சத்திக்கு பஸ் ஏறினான். கயல்விழியிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய காகிதம் போய்ச் சேர்ந்திருந்த போலீஸ் ஸ்டேஷனில், மயில்சாமி என்ற ஏட்டு இருந்தார். கதிரேசன் சொன்னதை அவர் கடைசிவரை கேட்டார். பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து அவன் பக்கம் திருப்பிவைத்தார். மாசாணியம்மாள் சொன்னது அப்படியே எழுதியிருந்தது. அடியில் இடது கைப் பெருவிரல் ரேகை. மாசாணியம்மாளுக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். குழுவின் காகிதங்களில் அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

"இத மாத்தி எழுதுனா அந்தம்மா பொய் சொல்லுச்சுன்னு ஆகுமுங்க" என்றார் ஏட்டு. "அவங்க அண்ணனையும் இழுக்கோணும். மெஷின்களையெல்லாம் எடுத்துட்டு வரோணும். செஞ்ச ஆளு நீங்கதான்னு உங்க மேல கேசு போடோணும். எல்லாம் யோசிச்சுத்தான் வந்தீங்களா?"

"யோசிச்சுத்தானுங்க வந்தேன். எழுதுங்க."

ஏட்டு கோப்பில் இருந்த எண்ணுக்குத் தன் செல்போனிலிருந்து போன் போட்டு, அவனுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மறுமுனையில் மாசாணியம்மாளின் குரல் வந்தது. பின்னால் மெஷினின் இரைச்சல் இருந்தது. ஏட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவள் மெஷினை விட்டுத் தள்ளிப்போய்ப் பேசினாள்.

"ஏனுங்க சார், அந்தத் தம்பி எங்களுக்குக் கூடப்பொறந்த பொறப்பு மாதிரிங்க. எனக்கு இப்படி ஆனதுல இருந்து அவருக்கு மனசு ஒரு நெலையில இல்லீங்க. அவரு சொல்றத எடுத்துக்காதீங்க. எனக்குத் தட்டு மெஷின்லதானுங்க கை போச்சு. ஒரு வாய் சோறு சாப்புட வெச்சு பஸ் ஏத்தி உட்டுருங்க சார்."

"அக்கா" என்றான் கதிரேசன்.

"ஊட்டுக்குப் போங்க தம்பி" என்றாள் அவள். போன் நின்றுவிட்டது.

ஏட்டு கோப்பைக் கட்டி பீரோவில் வைத்தார். எதிர்க் கடையிலிருந்து டீ சொன்னார். கதிரேசன் குடிக்கவில்லை. வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடந்தான். வழியில் ஒரு சரக்கு ஆட்டோவில் பச்சை மெஷின் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யார், எந்த ஊருக்கு என்று அவன் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், பட்டறையில் பம்பு ஒன்றின் தண்டைக் கடைந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்ணின் குரல். பவானிசாகர்ப் பக்கம் ஒரு மகளிர் குழுவிலிருந்து பேசுவதாகச் சொன்னாள்.

"ஏனுங்க, நார் மெஷின் செய்யறவரு நீங்கதானுங்களா? பெரிய வாய் வெச்சது ஒண்ணு ஓணுமுங்க."

"நான் இப்பச் செய்யறது இல்லீங்க அம்மணி." சொல்லிவிட்டு, லேத்தை நிறுத்தினான். "நீங்க வேற எங்கயும்கூட வாங்காதீங்க. அதுல ஒருத்தருக்கு வலது கையே போயிருச்சு. நான் செஞ்ச மெஷின்லதான் போச்சு. அந்தக் கைய என்ற கண்ணால பாத்தேன்."

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வேறு சில பெண்கள் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடப் பாவமே" என்றாள் அவள், மெய்யான வருத்தத்தோடு. "அந்தம்மா இப்ப நல்லா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க."

"சரிங்க. நாங்க சாக்கிரதையா ஓட்டிக்கறமுங்க. கண்காட்சியில ஒரு கடைக்காரரு கார்டு குடுத்தாரு, அவருகிட்டக் கேட்டுக்கறோம். உங்க சோலியக் கெடுத்துப்போட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்லீங்க" என்றான் கதிரேசன்.

"போன வெச்சரட்டுங்களா?"

அவன் பதில் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். கொஞ்சம் பொறுத்து அவளே மெதுவாக வைத்துவிட்டாள்.